நிபுணர் பக்கத்தில் யாரை உட்காரவைத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் திட்டங்களுக்கு வெளிநாட்டு ஆலோசகர்களை அமர்த்துவது சரியா தவறா என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடந்துவரும் வாதத்தைப் படித்து வருகிறேன். நம்மிடம் ஆளே இல்லையா, எதற்கு வெளிநாட்டுக்காரர் என்று சிலர் கேட்கிறார்கள். ஜப்பானே வெளிநாட்டுக்காரர்களை வைத்துத்தான் முன்னேறியது, நமக்கு மட்டும் என்ன கௌரவம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வேறு சிலர் பதில் சொல்கிறார்கள். ஜப்பான் பேச்சு வந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். பொறியாளராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், மெய்ஜி காலத்து ஜப்பானை, அதாவது 1868-லிருந்து 1912 வரை மெய்ஜி பேரரசர் ஆண்ட காலத்து ஜப்பானைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பவன். ஜப்பான் வெளிநாட்டு நிபுணர்களை அமர்த்தியது உண்மை, நூற்றுக்கணக்கில் அமர்த்தியது. ஆனால் எந்த நிபந்தனையில் அமர்த்தியது, அவர்கள் பக்கத்தில் யாரை உட்காரவைத்தது, எப்போது அனுப்பிவைத்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு அந்த உதாரணத்தைக் காட்டினால் அது பாதிக் கதை. விஷயமே மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நம் வாதங்கள் எல்லாம் அங்கேதான் போய் நிற்கின்றன. 1868-ல் மெய்ஜி அரசு பதவிக்கு வந்தபோது கஜானா ஏறக்குறைய காலி. அந்த நிலையிலும் ஒசாகாவில் நாணயச் சாலை நடத்த வந்த தாமஸ் கிண்டர் என்ற ஆங்கிலேயருக்கு மாதம் 1,045 யென் கொடுத்தார்கள். அப்போது அரசின் உச்சப் பதவியில் இருந்த சஞ்ஜோ சனெதோமிக்கே மாதம் 800 யென்தான். நாட்டை ஆள்பவரைவிட நாணயம் அச்சடிக்க வந்தவருக்கு அதிகச் சம்பளம்! 1870-களின் நடுவில் அரசுப் பணியில் இருந்த அயல்நாட்டார் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. இவர்களுக்கான சம்பளம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி விவசாயியிடமிருந்து. 1873-ல் நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம் என்று நிலவரி போட்டார்கள், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணமாகக் கட்ட வேண்டும், 1876-ல் பல இடங்களில் விவசாயிகள் கலகம் செய்தார்கள், அதன்பிறகுதான் 1877-ல் அது 2.5 சதவீதமாகக் குறைந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நிபுணர்கள் ஒவ்வொருவரும் வயலில் நின்றவனின் காசில் வந்தவர்கள் என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் ஒருநாளும் இல்லை. 1870-லேயே அயல்நாட்டாரை எப்படி அமர்த்துவது என்பதற்கு விதிமுறை வெளியிட்டார்கள். வேலை இது, காலம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, அவ்வளவுதான். வேண்டுமென்றால் புதுப்பிப்பார்கள், வேண்டாமென்றால் நன்றி சொல்லி வழியனுப்புவார்கள். அந்த கிண்டரும் 1875-ல் போய்விட்டார்.

இன்னொன்று, யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் அவர்கள் ஒரே நாட்டைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ரயிலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கடற்படைக்கும் பிரிட்டிஷார், மருத்துவத்துக்கு ஜெர்மானியர், ஆறுகளைக் கட்டுப்படுத்த டச்சுக்காரர், வடக்கே ஹொக்கைடோவில் விவசாயத்துக்கு அமெரிக்கர், சட்டத்துக்கு முதலில் பிரெஞ்சுக்காரர். எந்த ஒரு நாடும் எங்களால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள் என்று சொல்ல முடியாதபடி பிரித்து வைத்தார்கள்.

சரி, ரயிலுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். எட்மண்ட் மொரெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-ல் வந்தார். வந்தவர் தண்டவாளம் போடும் வேலையோடு நிற்கவில்லை. பொதுப்பணிகளுக்கென்று தனி அமைச்சகம் வேண்டும், உள்ளூர் இளைஞர்களைப் பொறியாளர்களாகப் பயிற்றுவிக்க ஏற்பாடு வேண்டும் என்று, பின்னாளில் ஜப்பானின் பிரதமரான இத்தோ ஹிரோபுமியிடம் வலியுறுத்தினார். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பருக்கு வெளியிலிருந்து இரும்பு எதற்கு, உங்கள் நாட்டில்தான் மரம் இருக்கிறதே, அதையே போடுங்கள் என்றும் அவர்தான் சொன்னார். தன் நாட்டு இரும்பு விற்றால் நல்லது என்று நினைத்திருந்தால் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். 1871-ல் காசநோயால் 30 வயதில் இறந்துபோனார், யோகோஹாமாவில்தான் அடக்கம். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு முதல் ரயில் ஓடியபோது அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அவர் கேட்ட அமைச்சகம் அதற்குள் வந்துவிட்டது, பயிற்சிக்கான ஏற்பாடும் தொடங்கிவிட்டது.

அந்த ரயில்வேயின் தலைமையில் இருந்தவர் இனோவே மசாரு. நாட்டைவிட்டு வெளியே போவதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1863-ல், சோஷு பகுதியிலிருந்து ரகசியமாகக் கப்பலேறி இங்கிலாந்து போன ஐந்து இளைஞர்களில் ஒருவர், லண்டனில் படித்தவர். வெளிநாட்டுப் பொறியாளர் சொல்வது சரியா, கூட்டிச் சொல்கிறாரா, தேவையில்லாத சாமானை வாங்கச் சொல்கிறாரா என்று எதிரே உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஆள் அவர். இப்படி ஒருவர் எதிரே இல்லாவிட்டால் எந்த நிபுணரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொஞ்ச நாளில் எஜமானர் ஆகிவிடுவார். இனோவே 1877-ல் ஒசாகாவில் ரயில்வேக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார். மூன்றே ஆண்டில், 1880-ல், கியோட்டோவுக்கும் ஓட்ஸுவுக்கும் நடுவே ஓசாகாயாமா மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டார்கள், சுமார் 665 மீட்டர் நீளம், முழுக்க ஜப்பானியர்களே நின்று செய்த வேலை. முதல் ரயில் ஓடி எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

நம் நிலைமையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியது 1856-ல், ஜப்பானுக்கு 16 ஆண்டுகள் முன்னால். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளியில் இருக்கிறது, அப்போது ஜப்பானில் அப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாம் நமக்கு முன்பே வந்தது. ஆனால் இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வேண்டிய மேல்நிலைப் பொறியாளர்களை உருவாக்க 1870-களின் தொடக்கத்தில் அரசு கல்லூரி திறந்தது இங்கிலாந்தில், கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில், ஆங்கிலேய இளைஞர்களுக்காக. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் டோக்கியோவில் ஜப்பான் அரசு தன் பிள்ளைகளுக்காக ஒரு பொறியியல் கல்லூரி திறந்தது, அதற்கு முதல்வராகக் கொண்டுவந்தவரும் ஒரு பிரிட்டிஷ்காரர்தான். அதே பிரிட்டன், அதே காலம், அதே படிப்பு. அங்கே நிபுணரை அமர்த்தியவன் அந்நாட்டுக்காரன், இங்கே நிபுணரே ஆள்பவரின் ஆள். விஸ்வேஸ்வரய்யா 1898-ல் ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. நாட்டுக்கு என்ன வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த தெளிவுக்கு அந்தப் பயணமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டோக்கியோ கல்லூரிக்கு வந்த அந்த முதல்வர் ஹென்றி டயர், ஸ்காட்லாந்துக்காரர். 1873-ல் வந்து இறங்கியபோது 25 வயதுகூட நிரம்பவில்லை. அவரை வரவேற்ற அமைச்சக அதிகாரி யமாவோ யோஸோ யார் தெரியுமா? அந்த ஐந்து இளைஞர்களில் இன்னொருவர். கிளாஸ்கோவில் பகலில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆண்டர்சன் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர். அதே மாலை வகுப்புகளில் டயரும் படித்திருந்தார். டயர் போட்ட பாடத்திட்டம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டு பொதுப் படிப்பு, இரண்டு ஆண்டு துறைப் படிப்பு, கடைசி இரண்டு ஆண்டு முழுக்க முழுக்கப் பணியிடத்தில். அன்றைய பிரிட்டனிலேயே இப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் பட்டறையில் கற்றுக்கொண்டு மேலே வருவதுதான் வழக்கம், பிரான்சிலும் ஜெர்மனியிலும் வகுப்பறைப் படிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தன் ஊரில் கிடைக்காத வாய்ப்பு டயருக்கு ஜப்பானில் கிடைத்தது. நிபுணரை வைத்து வேலை வாங்குவது என்றால் இதுதான், அவரிடம் இருக்கும் சிறந்ததை அவர் ஊர்கூடக் கேட்காதபோது நாம் கேட்டு வாங்கிக்கொள்வது. 1882-ல் டயர் ஊர் திரும்பிவிட்டார்.

அந்தக் கல்லூரியில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்க 1877-ல் வந்தவர் ஜோசையா காண்டர், அவரும் இருபதுகளின் நடுவில் இருந்தவர்தான். அவருடைய முதல் மாணவர்களில் ஒருவர் தத்சுனோ கிங்கோ. 1879-ல் தேறினார், அரசு செலவில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தார், 1884-ல் காண்டர் உட்கார்ந்திருந்த பேராசிரியர் நாற்காலியில் தத்சுனோவை உட்காரவைத்தார்கள். ஜப்பான் வங்கியின் தலைமையகமும், 1914-ல் திறந்த டோக்கியோ ரயில் நிலையமும் தத்சுனோ வடிவமைத்தவை. ஆசிரியர் வந்து ஏழே ஆண்டில் மாணவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். காண்டர் இதற்காகக் கோபித்துக்கொண்டு கிளம்பவும் இல்லை, ஜப்பானிலேயே தனியாகத் தொழில் செய்து 1920-ல் டோக்கியோவிலேயே காலமானார்.

தனாபே சகுரோவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். அதே கல்லூரியில் 1883-ல் தேறியவர். பீவா ஏரியிலிருந்து கியோட்டோ நகரத்துக்குக் கால்வாய் வெட்டுவது பற்றித்தான் அவருடைய பட்ட ஆய்வு. தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு கியோட்டோ நொடிந்து கிடந்தது. அந்த மாகாண ஆளுநர் கிதாகாகி குனிமிச்சி, படித்து முடித்த கையோடு இந்தப் பையனை அழைத்து அந்த வேலையையே கொடுத்துவிட்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவரிடம் ஒரு நகரத்தின் எதிர்காலத்தைக் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! 1885-ல் தொடங்கி 1890-ல் முடித்தார்கள். முதல் சுரங்கம் மட்டும் 2.4 கிலோமீட்டருக்கு மேல், அன்றைக்கு ஜப்பானில் அவ்வளவு நீளமான சுரங்கம் வேறு இல்லை. செங்கல்லைக்கூட அங்கேயே சூளை போட்டுச் சுட்டார்கள். நடுவில் தனாபே அமெரிக்கா போய் நீர்மின் நிலையம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, நீரில் சக்கரம் சுற்றி இயந்திரம் ஓட்டுவதாக இருந்த திட்டத்தை மின்சாரத்துக்கு மாற்றினார். 1891-ல் கெயாகே மின் நிலையம் ஓடத் தொடங்கியது, அந்த மின்சாரத்தில்தான் 1895-ல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் கியோட்டோவில் ஓடியது. இதில் எதற்கும் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரைக்கூட அமர்த்தவில்லை. மெய்ஜி அரசு பதவியேற்று இருபது சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்தன.

பெரிய படிப்புப் படித்தவர்கள் கதையாக மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. பட்டுதான் அன்றைய ஜப்பானுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்த முதன்மைச் சரக்கு, ஆனால் நூலின் தரம் சீராக இல்லை என்று ஐரோப்பிய வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். எனவே 1872-ல் டோமியோகாவில் அரசு ஒரு மாதிரி ஆலை கட்டியது. போல் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரர் பொறுப்பில், பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் 300 தொட்டிகளோடு, பிரான்சிலிருந்து வந்த பெண் பயிற்றுநர்களோடு. ஆனால் வேலைக்கு ஆள் வரவில்லை. அந்த வெள்ளைக்காரர்கள் சிவப்பு ஒயின் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ரத்தம் குடிக்கிறார்கள் என்று புரளி. ஆலைத் தலைவர் ஓடாகா அத்சுதாதா தன் சொந்த மகளையே முதல் ஆளாகச் சேர்த்தபிறகுதான் மற்ற பெண்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி மத்சுஷிரோ என்ற ஊரிலிருந்து வந்தவர், பின்னாளில் வாதா எய் என்று அறியப்பட்ட பதின்ம வயதுப் பெண். டோமியோகாவில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, அங்கே புதிதாகத் தொடங்கிய ஆலையில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஊர் ஊராகத் திரும்பிப் போய்க் கற்றுக்கொடுப்பதற்காகவே பல மாகாணங்களிலிருந்தும் பெண்களை வரவழைத்திருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே ப்ரூனாவும் அவருடைய ஆட்களும் கிளம்பிவிட்டார்கள், ஆலை நிற்கவில்லை. ஆலை பெரிய லாபம் ஈட்டியது என்று சொல்ல முடியாது, 1893-ல் அரசு அதை மிட்சுயி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் அதற்குள் அந்தக் கை வேலை நாடு முழுக்கப் பரவியிருந்தது.

நிபுணர் சொன்னதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்றும் இல்லை. பொய்சொனாட் என்ற பிரெஞ்சு சட்ட அறிஞர் 1873-லிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். விசாரணையில் ஒருவரைச் சித்திரவதை செய்வதை அறிந்து துடித்துப்போய் 1875-ல் அரசிடம் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார், 1879-ல் சித்திரவதை சட்டப்படி ஒழிந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை வணங்கலாம். ஆனால் அவர் பாடுபட்டுப் பெரும்பகுதியை எழுதி 1890-ல் வெளியான சிவில் சட்டத் தொகுப்பை, குடும்ப அமைப்பைக் குலைத்துவிடும் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்ப, நடைமுறைக்கு வராமலே ஒத்திவைத்து, ஜெர்மன் மாதிரியைப் பெரிதும் தழுவி வேறொன்றை எழுதி 1898-ல் கொண்டுவந்தார்கள். அது சரியா என்பது வேறு விவாதம், குடும்பத்தலைவனுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சம்பளம் கொடுத்தவன்தான் முடிவெடுத்தான், ஆலோசனை ஆலோசனையாக மட்டுமே இருந்தது.

ஜப்பானை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்கரான ஹோரஸ் கேப்ரன் ஆலோசனையோடு ஹொக்கைடோவை வளப்படுத்தினார்கள் என்று எழுதுகிறோமே, அது அங்கே பூர்வகுடிகளான ஐனு மக்களின் மண். அவர்களுடைய நிலமும் வேட்டையும் மொழியும் அதில்தான் போயின. ஜெர்மானிய ராணுவ அதிகாரி மெக்கல் 1885-லிருந்து மூன்று ஆண்டு சொல்லிக்கொடுத்த படைப்பள்ளியில் தேறியவர்கள்தான் சீனாவோடும் ரஷ்யாவோடும் நடந்த போர்களை நடத்தினார்கள், 1910-ல் கொரியாவையே ஜப்பான் விழுங்கியது. கற்றுக்கொண்ட திறமை எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் பதில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அப்புறம், ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ஸ் 1901-ல், தான் வந்து 25 ஆண்டானதைக் கொண்டாடிய விழாவிலேயே ஒன்றைச் சொன்னார். மேலை அறிவியல் ஓர் இயந்திரம் அல்ல, உயிருள்ள ஒன்று, அது வளரத் தனிச் சூழல் வேண்டும், நீங்களோ எங்களிடம் கனியை மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்கிற கருத்தில் பேசினார். பாராட்டு விழாவில் நின்று இப்படிச் சொல்லும் மனிதர்தான் உண்மையான நண்பர்.

இனி நம் ஊர். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு பெரிய திட்டத்துக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல திறமைசாலிகள், அவர்கள்மேல் குறையே சொல்ல மாட்டேன். எங்கள் உதவிப் பொறியாளர்களிடம் அளவும் மண் பரிசோதனை முடிவும் பழைய வரைபடங்களும் வாங்கிக்கொண்டார்கள், பளபளப்பாக அறிக்கை வந்தது. கணக்கு எப்படிப் போட்டார்கள், அந்த மாடலில் என்னென்ன அனுமானம் வைத்தார்கள் என்று இளைஞர் ஒருவர் கேட்டபோது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று மேலிடத்திலிருந்தே பதில் வந்தது. ஆலோசகர்கள் மறுத்திருந்தால்கூட மனசு ஆறும், கேட்காதே என்றது நம் ஆட்கள். சில ஆண்டு கழித்து அந்த வடிவமைப்பில் ஒரு மாற்றம் தேவைப்பட்டபோது மறுபடி டெண்டர், மறுபடி ஆலோசகர். அந்த இளைஞர் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். இன்றும் எனக்கு அது ஆற்றாமைதான்.

நமக்குச் செய்யத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி வந்தபோது ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து கற்பித்தார்கள், நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள், ஆய்வுக்கூடங்களும் பட்டறைகளும் இங்கேயே நிலைத்தன. அதற்குப் பிறகு ஜெர்மானியர் இல்லாமலே அந்த நிறுவனம் நடந்தது, இன்றும் நடக்கிறது. அன்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பயிற்சி என்பது ஓரத்தில் ஒட்டிய வரி அல்ல, நடுப்பகுதியே அதுதான்.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வெளிநாட்டு ஆலோசகருக்கு இத்தனை கோடி என்று செய்தி போடும்போது, அந்தத் தொகையோடு நிறுத்தாதீர்கள். அவரோடு சேர்ந்து உட்காரப்போகும் நம் பொறியாளர்கள் யார், அவர்களை நடுவில் இடமாற்றம் செய்ய மாட்டோம் என்று துறை உறுதி தருகிறதா, கணக்கும் மென்பொருள் கோப்புகளும் யார் கையில் இருக்கும், எந்த ஆண்டுக்குப் பிறகு அவர் இல்லாமல் அந்த வேலை நடக்கும் என்று உங்கள் செய்தியாளர்கள் துறைச் செயலாளர்களிடம் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்றும் அச்சிட வேண்டும். சென்னை மெட்ரோவிலிருந்தே தொடங்கலாம், அதுவும் ஜப்பான் கடனில் வந்த திட்டம்தான். முதல் கட்டத்தில் அயல்நாட்டு நிறுவனங்கள் பங்கேற்ற ஆலோசகர் குழு செய்த எந்தெந்த வேலைகளை இரண்டாம் கட்டத்தில் நம் பொறியாளர்கள் தாங்களே செய்கிறார்கள், எவையெவை இன்னும் வெளியில் போகின்றன என்று ஒரு செய்தியாளரை அனுப்பி விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் முழுக்க எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
திருச்சி.